எந்த எடிட்டர்

மாதுங்கா
8 ஜூலை 2025

சுலைகா,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்திருக்கிறாய். போன் அடித்தால் எடுப்பதில்லை. மிச்சம் இருப்பது மெயில்தான். தமிழில் எழுதினால்தான் படிப்பேன் என்று நம் மாணவி ஷைஸ்தாவிடம் சொல்லி அனுப்பினாயாம். எனக்குத் தமிழ் எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டிருப்பாய்.

அப்பாவின் காரியங்கள் போன வாரம் முடிந்தன. நேற்றுதான் ஐரோலி ஆபீசுக்குப் போய் மெயிலைத் திறந்தேன். நம் தாராவி வகுப்பில் பெண்கள் வெப்சைட் கோடு எழுதிப் பழகுகிற எடிட்டரின் கணக்கு மூடப்பட்டுவிட்டது. எங்கள் கம்பெனி சமூக சேவைத் திட்டத்தில் எடுத்துக் கொடுத்த கணக்கு அது, உரிமையாளர் என்று இருப்பது என் பெயர். கணக்கைத் தொடரலாமா என்று கேட்டு எனக்கு மெயில் வந்திருக்கிறது. நான் பதில் போடவில்லை. பெண்கள் ஒரு வருஷமாக எழுதியது அத்தனையும் அழிந்துவிட்டது. கெஞ்சிப் பார்த்துவிட்டேன், திரும்ப வராதாம்.

மற்றவர்கள் மறுபடி எழுதிக்கொள்வார்கள். ஷைஸ்தாவுக்குத்தான் அவகாசம் இல்லை. செம்பூரில் சுந்தரராமன் என்பவரின் வெப்சைட் கம்பெனியில் பயிற்சி வேலைக்கு அவளை அழைத்திருக்கிறார்கள். எந்தக் கல்லியில், எந்தச் சந்தில் எப்போது தண்ணீர் வரும் என்று காட்டுகிற அவளுடைய பக்கத்தின் லிங்கைத்தான் விண்ணப்பத்தில் கொடுத்திருந்தாள். அவர் திறந்து பார்த்தபோது அங்கே ஒன்றுமே இல்லை. நேற்று அவரிடம் பேசினேன். நல்ல மனிதர். வகுப்புச் சான்றிதழில் நம் இருவர் பெயரும் இருப்பதால், என்ன நடந்தது என்று இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், அவள் மறுபடி செய்துகாட்ட ஒரு மாதம் தருகிறேன் என்றார். அடுத்த புதன், பதினாறாம் தேதிக்குள் வேண்டுமாம். இல்லையென்றால் அடுத்த பெண்ணை எடுத்துவிடுவார்.

நான் எழுதி வைத்திருப்பது இது: "நிர்வாகக் காரணங்களால் கணக்கு மூடப்பட்டது. திரையில் வந்த எச்சரிக்கையை வகுப்பில் இருந்தவர்கள் உரிய நேரத்தில் தெரிவிக்காததால் மாணவியரின் வேலைகள் அழிந்தன."

கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பு, போதும்.

பத்மஜா


தாராவி
9 ஜூலை 2025

பத்மஜா மேடம் அவர்களுக்கு,

வகுப்பில் இருந்தவர்கள் என்றால் யார்? ஆறு பெண்களும் நானும். பெண்களை நீ சொல்லியிருக்க மாட்டாய். ஆகவே அது நான். என் பெயரை எழுதாமலே என்னை மாட்டிவிட உன்னால்தான் முடியும். அதற்குத்தான் தமிழில் எழுது என்றேன். இங்கிலீஷில் எழுதும்போது உனக்கு நியாயம் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது.

கதையை முதலிலிருந்து சொல்வோம். வகுப்பு என் வாப்பாவின் பை தைக்கிற பட்டறைக்கு மேல் இருக்கிற ரூமில் நடக்கிறது. வாரம் முழுக்க நான் போர்டில் பாடம் நடத்துவேன், எடிட்டரில் செய்துகாட்ட நீ ஞாயிறு வருவாய். பெண்களுக்கு எந்த எடிட்டர் என்று பேச்சு வந்தபோது நான் என்ன சொன்னேன்? கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்துக்கொள்கிற இலவச எடிட்டர் போதும் என்றேன். அவள் எழுதியது அவள் மெஷினிலேயே இருக்கும், ஒரு பென் டிரைவில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்றேன். நீ பிரவுசரில் திறக்கிற எடிட்டர்தான் வேண்டும் என்றாய். எழுதியது எங்கே இருக்கும் என்று கேட்டேன். பத்திரமான இடத்தில் இருக்கும் என்றாய். அந்தப் பத்திரமான இடத்துக்குச் சாவி உன் ஆபீஸ் மெயிலில் இருந்தது என்பதை அன்று நீ சொல்லவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. எனக்கும் உனக்கும் ஒத்துப்போகவில்லை என்றதும் பெண்களைப் பார்த்துக் கை தூக்கச் சொன்னாயே, அதை நான் மறக்க மாட்டேன். என் ரூமில், என் முன்னால், நான் கூட்டிவந்த பிள்ளைகளை வைத்து ஓட்டெடுத்தாய். ஷைஸ்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கை தூக்கினாள். அன்றைக்குத்தான் உன்னை பிளாக் செய்தேன்.

நான் எழுதியிருப்பது இது: "பத்மஜா அவர்கள் தமது அலுவலகக் கணக்கில் வைத்திருந்த எடிட்டரைக் கவனிக்கத் தவறியதால் மாணவியரின் வேலைகள் அழிந்தன." நீ கையெழுத்துப் போட்டு அனுப்பு, போதும்.

உன் அப்பாவைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இந்த மெயிலில் அவரைச் சேர்க்க மனசு வரவில்லை.

சுலைகா


மாதுங்கா
10 ஜூலை 2025

சுலைகா,

கை தூக்கச் சொன்னது நான்தான். உன்னைத் தோற்கடிக்கச் சொல்லவில்லை, வேலை நடக்க வேண்டும் என்று சொன்னேன். அந்த ஆறு மெஷின்களும் எங்கள் ஆபீஸ் கழித்துப் போட்டவை. உன் எடிட்டரைத் திறந்தால் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

பிரவுசர் எடிட்டர் அந்தப் பழைய மெஷினிலும் ஓடியது. வீட்டில் போனிலும் திறந்தது. ஷைஸ்தா தண்ணீர்ப் பக்கத்தின் பாதியை அவள் உம்மாவின் போனில், குடத்தோடு வரிசையில் நின்றபடி எழுதினாள். அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். உன் பென் டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவளால் அதைச் செய்திருக்க முடியுமா? இதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுத மாட்டாய்.

இப்போது நான் கேட்கிறேன். திரையின் மேலே மஞ்சளாக ஒரு அறிவிப்பு ஒரு வாரத்துக்கு மேல் இருந்திருக்கிறது. உரிமையாளர் உறுதி செய்யாவிட்டால் எல்லாம் அழிக்கப்படும் என்று தெளிவாகவே எழுதியிருந்ததாம். பெண்கள் உன்னிடம் காட்டியிருக்கிறார்கள். "அது பத்மஜா அக்கா பார்த்துப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பாடத்தை நடத்தினாயாம். இதை எனக்குச் சொன்னது ஷைஸ்தா இல்லை, வேறு ஒருத்தி. அவளைத் தேடிப் பிடித்துத் திட்டாதே.

நீ பார்த்தாய், உனக்குப் புரிந்தது, ஆனாலும் பேசாமல் இருந்தாய். என் எடிட்டரில் இருந்தது அழிந்து போனால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடும். இதற்கு ஆறு பெண்களின் வேலை விலையா? வேறு காரணம் இருந்தால் எழுது. கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பத்மஜா


தாராவி
12 ஜூலை 2025

பத்மஜா,

உன் மெயிலைப் படித்துவிட்டு நேற்று முழுக்கப் படுத்தே கிடந்தேன். உம்மா என்ன ஆச்சு என்று கேட்டதற்கு வயிற்று வலி என்றேன்.

காரணம் கேட்டாய். சொல்கிறேன்.

மஞ்சள் அறிவிப்பைப் பார்த்த மறுநாள் மாதுங்காவுக்கு வந்தேன். உன் வீட்டுப் படியேறி மணி அடித்தேன். உன் தம்பி கௌசிக் கதவைத் திறந்தான். மேலே சட்டை இல்லை, ஈர வேட்டி. உள்ளே சாஸ்திரிகள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். "அவ படுத்துண்டிருக்கா. பதிமூணு நாள் கழிஞ்சப்புறம் வாங்கோ" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவனிடம் நான் என்னவென்று சொல்வது? அப்பா போன வீட்டு வாசலில் நின்று, திரையில் மஞ்சளாக ஒன்று தெரிகிறது, உங்கள் அக்காவை எழுப்பிக் கொஞ்சம் மெயில் பார்க்கச் சொல்லுங்கள் என்றா? எங்களில் மவுத்து வீட்டுக்குப் போனால் பிழைப்புப் பேச்சை எடுக்க மாட்டோம். வந்த வழியே இறங்கிவிட்டேன்.

போன் செய்திருக்கலாமே என்பாய். நாம் சயான் காலேஜில் படித்த காலத்தில் உன் தாத்தா இறந்தபோது நீயே சொன்னாய், எங்கள் வீட்டில் துக்கம் என்றால் காரியம் முடிகிறவரை யாரும் போன்கூடப் பண்ணக் கூடாது என்று. அதை நான் மறக்கவில்லை. தெரியாமல் எதையாவது செய்து உன் வீட்டாரிடம் பேச்சு வாங்கக் கூடாது என்று எப்போதும் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறேன். உன் வீட்டில் எந்த டம்ளரை எங்கே வைக்க வேண்டும் என்பதுவரைக்கும்.

உன் அப்பா என்னைப் பார்த்த உடனே பிரின்டரைத் தூக்கிக்கொண்டு வருவார். நான் அதை ஒரு தட்டுத் தட்டுவேன், ஓடும். எல்லோரிடமும் என்னை இன்ஜினியர் என்று சொல்வார். அவர் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக்கூட எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ஷைஸ்தா சொல்லித்தான் தெரிந்தது. அழுதேன். உன்னிடம் வந்து அழ வழி தெரியவில்லை.

நான் சொன்னது சரி என்று ஆக்குவதற்காகவாம். போ.

சுலைகா


மாதுங்கா
13 ஜூலை 2025

சுலைகா,

கௌசிக்கிடம் கேட்டேன். யாரோ வந்தார்கள், பர்தா போட்டிருந்தார்கள், முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, பெயர் கேட்கத் தோன்றவில்லை என்றான். அவனும் அந்த நேரத்தில் தன் நினைவில் இல்லை. அவனைத் திட்டினேன். இப்போது அவனும் என்னோடு பேசுவதில்லை.

தாத்தா இறந்தபோது அப்படிச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. காலேஜில் லேப் ஜர்னல் கொடுக்கிற நாளைத் தள்ளிப்போட மேடத்திடம் விட்ட கதை அது. உன் எதிரில்தான் விட்டேன். அது பொய் என்று உனக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைத்துவிட்டேன். இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டா இருந்தாய்? எங்கள் வீட்டில் அப்படி எந்த வழக்கமும் கிடையாது. அப்பா போன நாளிலிருந்து போன் என் கையிலேயேதான் இருந்தது. ஆபீஸ் மெயிலை மட்டும் அணைத்து வைத்திருந்தேன். பாலக்காட்டிலிருந்து பெயரே தெரியாத சொந்தங்கள் கூப்பிட்டார்கள், ஐரோலியில் என் கேபின் பக்கமே வராதவர்கள் கூப்பிட்டார்கள். உன் பெயர் மட்டும் திரையில் வரவில்லை. நீ என் மேல் இருக்கிற கோபத்தில் அப்பாவைக்கூட விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். அதை நினைத்துத்தான் முதல் மெயிலில் 'வகுப்பில் இருந்தவர்கள்' என்ற அந்த வாக்கியத்தை எழுதினேன்.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. நீ என்னைக் கூப்பிட்டிருக்கவே வேண்டாம். எடிட்டரில் வலது மூலையில், கீழே பார்க்கிற அம்புக்குறி ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் மொத்த வேலையும் மெஷினில் இறங்கிவிடும். உன் பென் டிரைவிலும் ஏறிவிடும். உரிமையாளர் தேவையில்லை, வகுப்பில் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். இந்தக் கணக்கில் நான் கை வைக்க மாட்டேன் என்று பெண்கள் முன்னால் சொல்லிவிட்டாய், அந்த வீம்பில் ஒரு வருஷம் அந்தத் திரைப் பக்கமே போகவில்லை. மஞ்சள் அறிவிப்பைப் பார்த்த கண் பக்கத்திலிருந்த அம்புக்குறியைப் பார்க்கவில்லை.

மாற்றி எழுதியிருக்கிறேன்: "பயிற்சியாளர்கள் இருவருக்கும் இடையே தகவல் சரியாகப் பரிமாறப்படாததால் மாணவியரின் வேலைகள் அழிந்தன." இது போதுமா? இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.

பத்மஜா


தாராவி
15 ஜூலை 2025, காலை

பத்மஜா,

அம்புக்குறியைப் பற்றி எழுதியதைப் படித்தேன். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீ சொல்லிக்கொடுக்கிற இடத்தில் நான் மாணவியாக உட்காருவதா என்று இருந்தது. இதை ஒத்துக்கொள்வதால் மற்றது மாறிவிடாது. ரூம் எங்களுடையது, பிள்ளைகளைக் கூட்டிவந்தது நான், தெருவில் அவர்கள் உம்மாமார் கேள்வி கேட்கப்போவது என்னை. உன்னை யார் கேட்கப்போகிறார்கள்? நீ ஸ்டாஃப் பஸ் ஏறி ஐரோலிக்குப் போய்விடுவாய்.

உன் வாக்கியத்தில் யார் முடிவெடுத்தது என்பதே காணோம். தகவல் பரிமாறவில்லை என்றால் பாதிப் பழி எனக்கு. "எடிட்டரைத் தேர்ந்தெடுத்தது பத்மஜா, சுலைகா அதற்கு உடன்படவில்லை" என்று ஒரு வரி சேர். உடனே கையெழுத்துப் போடுகிறேன். ஸ்கேனரைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

ஷைஸ்தா இங்கே என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். முடிந்துவிட்டதா என்று கேட்கிறாள். பத்மஜா அக்கா அனுப்பினதும் முடிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

சுலைகா


ஐரோலி
15 ஜூலை 2025, மாலை

சுலைகா,

நீ கேட்ட வரியைச் சேர்க்கிறேன். அதற்கு அடுத்த வரியாக, "வகுப்பை நேரில் நடத்திய சுலைகா ஒரு வருஷமும் அந்த எடிட்டரைத் திறந்து பார்க்கவில்லை" என்பதையும் சேர்க்க வேண்டும். அதுவும் உண்மைதானே. நீயே இன்று காலையில் ஏறக்குறைய எழுதிவிட்டாய்.

சரி என்றால் ஒரு வார்த்தை பதில் போடு. இரண்டு வரியும் இருக்கட்டும், அல்லது இரண்டும் வேண்டாம். ஷைஸ்தாவை ஏன் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறாய்? அவள் இதையெல்லாம் படிக்க வேண்டுமா?

பத்மஜா


ஐரோலி
17 ஜூலை 2025

சுலைகா,

நேற்று உன் பதிலுக்காகச் சாயங்காலம்வரை காத்திருந்தேன். பிறகு மழையில் ஸ்டாஃப் பஸ் நடுவழியில் நின்று, வீடு சேர நடுராத்திரி ஆகிவிட்டது. இன்று காலை ஆபீசுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

என் வரியை எடுத்துவிட்டேன். உன் வரி மட்டும் இருக்கிறது. தேர்ந்தெடுத்தது பத்மஜா, கவனிக்கத் தவறியது பத்மஜா, சுலைகா உடன்படவில்லை. நான் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். உன்னுடையதும் வந்தால் இப்போதே செம்பூருக்கு அனுப்பிவிடுகிறேன். ஒரு நாள் தாமதத்தை அவர் பெரிதாக எடுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். காலையிலிருந்து கூப்பிடுகிறேன், அவர் மீட்டிங்கில் இருக்கிறாராம்.

என் அப்பா இருந்திருந்தால் முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, அந்த இன்ஜினியர் பொண்ணோட என்னடி உனக்கு வாய்ச்சண்டை என்று கேட்டிருப்பார். கையெழுத்துப் போடு, சுலைகா.

பத்மஜா


தாராவி
21 ஜூலை 2025

பத்மஜா,

கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். நீ போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். உன் வரியையும் திரும்பச் சேர்த்துவிட்டேன், நான் ஒரு வருஷமும் அந்த எடிட்டரைத் திறக்கவில்லை என்ற வரி. இனி இதை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. நீயே வைத்துக்கொள்.

சனிக்கிழமை நான் செம்பூருக்குப் போனேன். சுந்தரராமன் என்னை உட்காரவைத்து டீ சொன்னார். நம் காகிதத்தை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, இப்படியா நடந்தது என்று கேட்டார். புதன்கிழமையே ஷைஸ்தா அவள் உம்மாவோடு போய்விட்டு வந்திருக்கிறாள். நம்மிடம் சொல்லவில்லை. காகிதம் எங்கே என்று அவர் கேட்டதற்கு, "டீச்சர்மாரு மேல தப்பு இல்ல சார். நான்தான் தெரியாம அழிச்சிட்டேன்" என்றாளாம்.

அவர் என்ன செய்வார். நல்ல பெண், ஆனால் தன் வேலையையே பத்திரமாக வைக்கத் தெரியாதவளிடம் வாடிக்கையாளரின் வெப்சைட்டை எப்படிக் கொடுப்பது என்று யோசித்தாராம். வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார், அவள் இன்று சேருகிறாள். இந்தக் காகிதம் புதன்கிழமை என் மேஜையில் இருந்திருக்கலாமே என்று இரண்டு தடவை சொன்னார். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அப்படியே நேராக ஷைஸ்தா வீட்டுக்குப் போனேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், அடிக்கக்கூடக் கை வந்தது. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "யாராவது ஒருத்தர் நான்தான் செஞ்சேன்னு சொன்னாத்தான முடியும், லாத்தா. நீங்க ரெண்டு பேரும் சொல்ல மாட்டிய" என்றாள். நம் மெயில் எல்லாவற்றையும் என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்திருக்கிறாள். தமிழ் படிக்க நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

வகுப்புக்கு இனி வரமாட்டாளாம். சயானில் அவள் மாமாவின் ஜெராக்ஸ் கடையில் உட்காரப் போகிறாள். ரூமைப் பூட்டிவிட்டேன். மற்ற பெண்கள் எப்போது திறக்கும் என்று கேட்கிறார்கள். அந்த ஆறு மெஷினையும் வாப்பா கீழே பட்டறைக்கு இறக்கச் சொல்கிறார், பை வைக்க இடம் வேண்டுமாம்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது போகாது. என் மேல் இருக்கிறதும் போகாது. உன்னை அன்பிளாக் செய்யலாமா என்று போனை எடுத்து எடுத்து வைக்கிறேன், எடுத்தால் பேச என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

நான் படியிறங்கும்போது ஷைஸ்தா வாசல்வரை வந்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கிண்டலும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"லாத்தா, எந்த எடிட்டர்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டியளா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். நீ சொல்லிவிடு.

சுலைகா